மெட்ராஸ் நாலு மணி நேரம்

உன் பாஸ்போர்ட் என் மேசைமேல் கிடக்கிறது. திறந்ததும் அந்துருண்டை வாசனை அடித்தது. உன் மனைவி மெட்ராசிலிருந்து அனுப்பிய பொட்டலத்தில் இரண்டு சட்டைகளுக்கு நடுவே இதைச் செருகி வைத்திருந்தாள். கூடவே உன் ஸ்டெதஸ்கோப்பும் இருந்தது. பொட்டலம் உன் அப்பா பேருக்குத்தான் வந்தது. ஆனால் நம் தோட்டத்தில் யாருக்கு எது வந்தாலும் முதலில் ஆபிசுக்கு வரும் என்பது உனக்குத் தெரியாததா? ஆபிசில் கணக்கு எழுதுகிற கிராணி இன்னும் நான்தான்.

இறந்தவருடைய பாஸ்போர்ட்டைக் குடிநுழைவு இலாகாவில் திருப்பிக் கொடுக்க வேண்டும். அதற்கான படிவத்தை நிரப்பத்தான் திறந்தேன். எண்ணை எழுதிவிட்டு மூடி வைத்திருந்தால் இந்தக் கடிதத்துக்கே வேலையில்லை. என்ன செய்வது, பக்கங்களைப் புரட்டிப் பார்க்கிற புத்தி எனக்கு. தொழில் புத்தி என்று வைத்துக்கொள்.

செத்தவனைக் குறை சொல்லக் கூடாது என்பார்கள். நீ போய் மூன்று மாதமாகிறது. இந்த மூன்று மாதமும் உன்னைப் பற்றி யார் கேட்டாலும் நல்லதையே சொன்னேன். இன்றைக்கு என்னால் முடியவில்லை.

நீ மருத்துவம் படிக்கக் கிளம்பிய வருடம் நினைவிருக்கிறதா? ஆபிஸ் சுவரில் பழைய வெள்ளைக்காரத் துரை விட்டுப்போன உலகப் படம் ஒன்று தொங்கியது. ஒரு மத்தியானம் பெரிய கிராணி சாப்பிடப் போயிருந்தபோது நாம் இருவரும் நாற்காலியில் ஏறி நின்று அதைத் தையல் நூலால் அளந்தோம். நூலின் ஒரு முனை சுபாங் விமான நிலையத்தில் என் விரலுக்குக் கீழே. இன்னொரு முனை மெட்ராசில், உன் விரலுக்குக் கீழே. நூலை அளவுகோலில் வைத்துக் கணக்குப் போட்டேன். ஆயிரத்து அறுநூறு மைலுக்குக் கொஞ்சம் மேலே வந்தது. எனக்கு மலைப்பாக இருந்தது. அதுவரை நான் ஈப்போவுக்கு மேல் போனதில்லை.

நீ சிரித்தாய். "மைலப் பாக்காத லா, மணியப் பாரு. ஏரோப்ளேன்ல நாலே மணி நேரம். மழ நாள்ல நம்ம ஊர்லேர்ந்து சபாக் போற பஸ்ஸுக்கே மூணு மணி ஆவுது. அதுக்கு மேல ஒரு மணி உக்காந்தா மெட்ராஸ்!"

அதையே அன்று சாயங்காலம் உன் அம்மாவிடமும் சொன்னாய். அவளை அத்தை என்று கூப்பிடும் நானும் பக்கத்தில்தான் இருந்தேன். அத்தை அழுது முடித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்: "எனக்கு ஒண்ணுன்னா யாருடா வருவா? ஒத்தப் புள்ளையப் பெத்து வெச்சிருக்கேன்."

"நீ ஒரு நெர மரம் வெட்டி முடிக்கிறதுக்குள்ள நான் வந்து நிப்பேம்மா."

ரப்பர்த் தோட்டத்தில் பால் மரம் வெட்டுகிறவளுக்குப் புரிகிற கணக்கில் சொன்னாய். விடியற்காலை ஆறு மணிக்கு முதல் மரத்தில் கத்தி வைத்தால் பத்து மணிக்குக் கடைசி மரம். நாலு மணி நேரம். அத்தைக்கு மைலும் தெரியாது, மெட்ராசும் தெரியாது, ஒரு நெரை மரம் தெரியும். அதன்பிறகு லயத்து வரிசை வீடுகளில் யார் உன்னைப் பற்றிக் கேட்டாலும், "எங்கடி தூரம்? ஒரு நெர வெட்டுற நேரந்தான்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

எண்பதின் கடைசியில் ஒருமுறை விடுமுறைக்கு வந்தாய். சுபாங்கில் இறங்கி, நீயே வாடகைக் கார் பேசி, இருட்டிய பிறகு லயத்து வாசலில் வந்து நின்றாய். அத்தை உன் பழைய டிக்கெட் உறையைக்கூட எறியவில்லை. தன் தகரப் பெட்டிக்குள் போட்டு வைத்துக்கொண்டாள்.

எண்பத்திரண்டு பிறந்தபோது நம் பக்கம் முழுக்கக் கடிகாரத்தை அரை மணி முன்னால் தள்ளினார்கள். நம் ஆபிஸ் கடிகாரத்தைத் தள்ளியது நான். காலைப் பெரட்டுக்கு, பேர் கூப்பிடும் களத்தில், ஆட்கள் இருட்டில் வந்து நின்றார்கள். அத்தை என்னைச் சும்மா விடவில்லை. "சூரியன் இன்னும் தூங்குது, நம்ம கிராணி மட்டும் முழிச்சிக்கிட்டாரு!" என்றாள். களமே சிரித்தது. நானும் சிரித்தேன். அடுத்த மாதம் அவள் இல்லை.

திங்கட்கிழமை காலையில் மரத்தடியில் சாய்ந்தவளை லோரியில் ஏற்றினோம். கோலசிலாங்கூர் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேருவதற்குள் முடிந்துவிட்டது. நான் தஞ்சோங் காராங் அஞ்சலகத்துக்கு சைக்கிளில் ஓடி உனக்குத் தந்தி கொடுத்தேன். மறுநாள் உன் பதில் வந்தது. புதன்கிழமை நண்பகல் விமானத்தில் புறப்படுகிறேன், அம்மாவை வைத்திருங்கள். ஆங்கிலத்தில் ஏழெட்டு வார்த்தைகள். நான்தான் எல்லாருக்கும் வாசித்துச் சொன்னேன்.

நம் சனத்தில் பெற்றவளுக்கு மகன்தான் கொள்ளி வைக்க வேண்டும், புருசன் வைக்கக் கூடாது. அதனால் உனக்காக வைத்திருந்தோம். இரண்டரை நாள். செகிஞ்சான் மீன் துறைக்கு லோரி அனுப்பி ஐஸ் கட்டி கொண்டுவந்தோம். ஐஸ் கரைந்து லயத்து வாசல் முழுக்க ஓடியது. பெண்கள் மாறி மாறித் துடைத்தார்கள். எல்லாரும் என்னிடம் கேட்டது ஒரே கேள்வி: எத்தனை மணிக்கு வருவான்?

தாளில் எழுதிக் கணக்குப் போட்டேன். பன்னிரண்டு மணிக்கு ஏறுகிறான். நாலு மணி நேரம். நாலு மணிக்கு சுபாங். வெளியே வர முக்கால் மணி, கார் இங்கே வர ஒன்றே கால் மணி. "ஆறு மணிக்கு இங்க இருப்பான்" என்று சொன்னேன். கிராணி சொன்னால் கணக்கு தப்பாது என்று ஊர் நம்பியது. நானும் நம்பினேன்.

மெட்ராசில் பன்னிரண்டு அடிக்கும்போது நமக்கு இரண்டரை மணி என்பது என் மண்டையில் ஏறவேயில்லை. ஒரு மாதத்துக்கு முன்னால் கடிகார முள்ளைக் கையால் தள்ளியவன் நான். ஊருக்கு ஊர் நேரம் வேறு என்று யாராவது நினைத்திருக்க வேண்டுமென்றால் அது நான்தான்.

ஆறு மணிக்கு நீ வரவில்லை. ஆறரைக்கும் வரவில்லை. ஆட்களை மேய்க்கிற மண்டோர் உன் அப்பாவின் தோளைத் தொட்டார். "பொழுது சாயப்போவுது. இதுக்கு மேல வெச்சிருந்தா அவளுக்கே மரியாத இல்ல, அண்ணே."

உன் அப்பா அவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். "தம்பி, வருவானா?"

"வர்றதா இருந்தா இந்நேரம் வந்திருக்கணும் மாமா" என்றேன்.

அந்த ஒரு வாக்கியத்தில்தான் அத்தையைத் தூக்கினார்கள். கொள்ளிச் சட்டியை யார் எடுப்பது என்று வந்தபோது உன் அப்பா என்னைக் கைகாட்டினார். "அவ கையால சோறு தின்னவன்தானே. அவனுக்குப் பதிலா இவன் வெக்கட்டும்." வைத்தேன். எல்லாரும் வாய்க்காலில் முங்கி எழுந்து, ஈரத் தலையோடு எட்டரை மணி வாக்கில் வீடு திரும்பினோம். வாசலில் நீ நின்றுகொண்டிருக்கவில்லை.

மூன்றாம் நாள் அத்தையின் தகரப் பெட்டியைத் திறந்தோம். உன் பழைய டிக்கெட் உறை கையில் வந்தது. புறப்பாடு பன்னிரண்டு, வந்துசேர்வது பதினெட்டு என்று அதில் அடித்திருந்தது. முதலில் எனக்கு விளங்கவில்லை. நாலு மணி நேரம் என்றானே, ஆறு எப்படி? பிறகு விளங்கியது. அப்போது இரண்டு மணி வித்தியாசம். இப்போது அரை மணி கூடிவிட்டது. நீ வந்திருந்தால் சுபாங்கில் இறங்கியதே ஆறரைக்குத்தான் இருக்கும். லயத்துக்கு வர எட்டரை. நாங்கள் எட்டரை மணிவரை காத்திருக்கவில்லை. காத்திருக்க விடாதவன் நான்.

அன்றே உனக்கு எழுதினேன். ஒன்றையும் மறைக்கவில்லை. நான் கணக்கில் தவறிவிட்டேன், நேர வித்தியாசத்தை மறந்தேன், உன் அப்பா கேட்டபோது இனி வரமாட்டான் என்பதுபோல் சொல்லிவிட்டேன். நாங்கள் ஈரத் தலையோடு திரும்பிக்கொண்டிருந்தபோதுதான் நீ தோட்டத்துச் சந்திக்கு வந்திருப்பாயோ, வந்து பார்த்துவிட்டுத் திரும்பிவிட்டாயோ என்று நினைத்தால் சோறு இறங்கவில்லை. என்ன நடந்தது, எழுது. இப்படியெல்லாம் எழுதினேன். இளிச்சவாயன்.

இரண்டு வாரத்தில் பதில் வந்தது. எனக்கு அல்ல, உன் அப்பாவுக்கு. அவருக்கு வாசிக்கத் தெரியாது, எப்போதும்போல் என்னிடம் கொடுத்தார். லயத்து வாசலில் பத்துப் பதினைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். நான் நின்றுகொண்டு சத்தமாக வாசித்தேன்.

அப்பா, நான் வந்தேன். ஆறரைக்கு இறங்கி, கார் பிடித்து, எட்டரைக்குச் சந்திக்கு வந்துவிட்டேன். கார் வெளிச்சத்தில் நம் ஆட்கள் ஈரத் தலையோடு நடந்து போவதைப் பார்த்தேன். எல்லாம் முடிந்துவிட்டது என்று தெரிந்துகொண்டேன். அம்மா இல்லாத வீட்டுக்குள் வர எனக்குக் கால் எழவில்லை. காரைத் திருப்பச் சொல்லிவிட்டேன். நேரக் கணக்கில் தவறிவிட்டதாக அவன் எழுதியிருக்கிறான். அவனைக் கோபித்துக்கொள்ளாதீர்கள்.

வாசித்து முடிப்பதற்குள் பெண்கள் அழ ஆரம்பித்தார்கள். கடைசி வரியை நான் முழுங்கியிருக்கலாம், வாசிக்கத் தெரிந்தவர் அங்கே வேறு யாருமில்லை. முழுங்கவில்லை. உன் அப்பா கையை நீட்டிக் கடிதத்தை வாங்கிக்கொண்டார்.

"நாலு மணி நேரம்னு கணக்கு சொன்னீங்களே, கிராணி" என்றார்.

அதுவரை எனக்கு அவர் வாயில் தம்பி என்றுதான் பேர். அன்றிலிருந்து கிராணி, அன்றிலிருந்து நீங்க. உன் கடிதங்களைப் பிறகு என்னிடம் கொண்டுவரவில்லை. அவற்றைச் சட்டைப்பையில் மடித்து வைத்துக்கொண்டு, பஸ் ஏறி, தஞ்சோங் காராங்கில் சாப்பாட்டுக் கடை வைத்திருந்த ராவுத்தரிடம் போய் வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு வருவார். என் கல்யாணத்துக்கு வரவில்லை. ஊர் வாயை மூட உலைமூடி ஏது? எனக்கு நாலு மணி கிராணி என்று பேர் வைத்தார்கள். நான் சம்பளப் பட்டியல் வாசிக்கும்போது பின்னாலிருந்து எவனாவது "மணி சரியா பாத்தீங்களா கிராணி?" என்பான். சிரிப்பார்கள். எனக்கு வலித்தது அதுவல்ல. ஒற்றைப் பிள்ளை ஆகாயத்தில் பறந்து ஓடிவந்தும், என்னால்தானே அத்தைக்கு அவன் கைத் தீ கிடைக்காமல் போனது என்ற நினைப்பு. இந்த ஆறு வருடமும் அதோடுதான் படுத்தேன், எழுந்தேன்.

எண்பத்தைந்தில் நீ டாக்டராக வந்தாய். என்னைக் கோலசிலாங்கூருக்கு அழைத்துப்போனாய். ஆற்றோரத்துத் தேநீர்க் கடையில் உட்கார்ந்து இரண்டு தே சொன்னாய். நான் குடிக்கவில்லை, பார்த்துக்கொண்டிருந்தேன். வெட்கத்தை விட்டு உன் கையைப் பிடித்துக்கொண்டேன். "என்ன மன்னிச்சிருடா. அத்தைக்கு நான் பண்ணுனது பெரும் பாவம்" என்றேன். சுற்றிலும் ஆட்கள் இருந்தார்கள். அழுதேன்.

நீ என் முதுகைத் தட்டினாய். "விடு லா. நீ வேணும்னா செஞ்ச? யாருக்கும் தப்பு வரும். நான் அத எப்பவோ மறந்துட்டேன்."

எவ்வளவு பெரிய மனசு இவனுக்கு என்று நினைத்தேன். வீட்டுக்குப் போய் என் மனைவியிடமும் அப்படியே சொன்னேன். அவள் சாமிக்கு விளக்கேற்றினாள்.

இப்போது உன் பாஸ்போர்ட். எண்பதில் மெட்ராசை விட்டுக் கிளம்பியதற்கு முத்திரை இருக்கிறது. சுபாங்கில் இறங்கியதற்கு இருக்கிறது. திரும்பிப் போனதற்கு இரண்டு முத்திரைகள். அதற்கு அடுத்தது எண்பத்தைந்து. அத்தை செத்த வருடத்துக்கு ஒன்றுமில்லை. போனதற்கும் இல்லை, வந்ததற்கும் இல்லை. மேசை விளக்கைப் போட்டுப் பார்த்தேன். பக்கம் ஏதாவது கிழிந்திருக்கிறதா என்று எண்ணிப் பார்த்தேன். எல்லாப் பக்கமும் இருக்கின்றன.

நீ விமானமே ஏறவில்லையடா.

ஏன் ஏறவில்லை என்று எனக்குத் தெரியாது. பரீட்சை இருந்ததா? அத்தையின் முகத்தைப் பார்க்கப் பயந்தாயா? டாக்டருக்குப் படிக்கிறவனுக்கும் பெற்ற தாயின் பிணத்தைப் பார்க்கப் பயம் இருக்கும், அதில் வெட்கமில்லை. வரமுடியவில்லை என்று ஒரு வரி எழுதியிருந்தால் நான் உன் பக்கம் நின்றிருப்பேன். உன் அப்பாவிடம் உனக்காக நானே பேசியிருப்பேன். வராததை மன்னிப்பது எனக்கு ஒரு பொருட்டே இல்லை. வந்தேன் என்றாயே, அதை எங்கே கொண்டுபோய் வைப்பது?

அந்தப் பொய்யை நீ யோசித்துக்கூடக் கண்டுபிடிக்கவில்லை. ஆறரை மணி நான் எழுதியது. எட்டரை நான் எழுதியது. தோட்டத்துச் சந்தி, ஈரத் தலைகள், திரும்பிப் போனது, எல்லாமே நான் கண்ணீரோடு எழுதி உனக்கு அனுப்பியவை. நீ செய்ததெல்லாம் அதில் ஒரு கார் வெளிச்சத்தைச் சேர்த்ததுதான். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்கள். அப்படி ஆக்கிவிட்டு, ஆற்றோரக் கடையில் உட்கார்ந்து என்னை மன்னிக்கவும் மன்னித்தாய். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. வராமலேயே, வந்தவன் மாதிரி என் தவறை மன்னித்தாய்.

முந்தாநாள் சாயங்காலம் பாஸ்போர்ட்டை எடுத்துக்கொண்டு உன் அப்பாவிடம் போனேன். மறைப்பானேன், எனக்கு ஒரே ஒரு காரியம்தான் வேண்டியிருந்தது. உன்மேல தப்பில்ல என்று அவர் வாயால் கேட்க வேண்டும். அவருக்கு இப்போது தோட்டத்து கேட்டில் காவல் காக்கும் ஜாகா வேலை. மரப்பெட்டிமேல் உட்கார்ந்திருந்தார். இளைத்துப்போயிருக்கிறார். நீ செத்துப்போனதாகத் தந்தி வந்தபோது மெட்ராசில் எல்லாம் முடிந்திருந்தது. உன் மைத்துனன் கொள்ளி வைத்தானாம். உன் அப்பாவிடம் பாஸ்போர்ட்டும் இல்லை, போக வேண்டும் என்று அவர் கேட்கவும் இல்லை.

பக்கங்களைத் திறந்து காட்டினேன். ஒவ்வொரு முத்திரையாக விரல் வைத்துச் சொன்னேன். அத்தை தவறிய வருடம் ஒன்றுமில்லை என்று சொன்னேன்.

அவர் முத்திரைகளைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். "இதுல அவன் வரலன்னு எழுதியிருக்கா?"

"அப்படி எழுத மாட்டாங்க மாமா. வந்திருந்தா இந்த மாதிரி சாப்பா குத்தியிருக்கும். இல்ல. அதான் அர்த்தம்."

"ஆபிசருங்க அடிக்க மறந்திருப்பாங்க."

"மறக்க மாட்டாங்க மாமா."

அவர் நிமிர்ந்து பார்த்தார். ஆறு வருடத்துக்குப் பிறகு என் முகத்தை நேராகப் பார்த்தார். "நீங்களே ரெண்டர மணி நேரத்த மறந்தவங்க, கிராணி. அவங்க ஒரு சாப்பாவ மறக்கக் கூடாதா?"

எனக்குக் கோபம் உச்சிக்கு ஏறியது. ஒன்றில்லை மாமா, போக வர நாலு சாப்பா, இரண்டு நாட்டிலும் நாலு பேருமா மறப்பார்கள் என்று கத்தியே விட்டேன். அவர் பாஸ்போர்ட்டை மூடி இரண்டு கையாலும் மடியில் அமுக்கிப் பிடித்துக்கொண்டார்.  

"அவன் வந்தான் கிராணி" என்றார். "வந்து, அவ போனதப் பாத்துட்டுத்தான் திரும்பிப் போனான். எனக்கு அது போதும். அதையும் எடுத்துக்கிட்டுப் போவாதீங்க."

 அவருக்குத் தெரிந்துவிட்டதா, தெரியவே கூடாது என்று இருக்கிறாரா, இன்னும் எனக்குப் புரியவில்லை. பாஸ்போர்ட்டை என்னிடம் திருப்பிக் கொடுத்தார். நான் சைக்கிளை எடுக்கும்போது கூப்பிட்டார்.

"நான் போனா யாருக்கும் காத்திருக்க வேணாம். இனிமே வர்றதுக்கு ஆளில்ல. நேரம் பாக்காம எடுத்துருங்க. கொள்ளி நீங்களே வெச்சிருங்க. உங்களுக்குத்தான் பழக்கமாச்சே."

சரி மாமா என்றேன். 

நான் போனது வேறு ஒன்றுக்காக. கிடைத்தது இது. குற்றவாளி என்ற பேர் அப்படியே இருக்க, பிள்ளை செய்ய வேண்டியதை மட்டும் என் கையில் கொடுத்துவிட்டார். இது பாரமில்லை என்று எழுதினால் அதுவும் உன் கடிதம் மாதிரி ஆகிவிடும். பாரம்தான். உன்மேல் எனக்குக் கோபம் தீரவில்லை, தீரும் என்றும் தோன்றவில்லை.

ஒருநாள் உன் அப்பாவைத் தூக்குவோம். நான் சட்டியை ஏந்திக்கொண்டு முன்னால் நடப்பேன். பின்னால் வருகிறவர்களில் யாராவது கட்டாயம் சொல்வார்கள், மகன் இருந்திருந்தால் அம்மாவுக்கு ஓடிவந்த மாதிரி அப்பாவுக்கும் ஓடிவந்திருப்பான் என்று. சொல்லிவிட்டு, நீதான் அவனோடு பழகியவன், நீயே சொல் என்பதுபோல் என்னைப் பார்ப்பார்கள்.

ஆமாம், வந்திருப்பான் என்று சொல்வேன்.